எங்கள் வீட்டில் உப்பு பார்க்கிறவர்

கல்லுப்பு நல்லதா, தூளுப்பு நல்லதா என்று தயவுசெய்து என்னிடம் இனி யாரும் கேட்காதீர்கள். எனக்குக் கோபம் வரும். கோபம் எனக்குப் பொதுவாகவே சீக்கிரம் வரும், அது வேறு விஷயம். இந்தக் கேள்விக்கு வருகிற கோபம் கேட்டவர் மேல் வருவதில்லை, என் மேலேயே வருகிறது. போன வருஷம் இதே கேள்விக்குத் தெருவில் நின்று பதில் சொன்னவள் நான். கேட்காதவர்களையும் கூப்பிட்டு நிறுத்திச் சொன்னவள்.

கொட்டாரத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் முப்பது வருஷத்துக்கு மேல் லேப் அசிஸ்டென்டாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். வேதியியல் லேப். பிள்ளைகளின் பிராக்டிகலுக்கு வெள்ளையும் நீலமும் பச்சையுமான பொடிகளை எடைபோட்டுப் பொட்டலம் கட்டி வைப்பது என் வேலை. தராசுக்கு மேலே சுவரில் ஒரு அட்டை தொங்கும். 'பொடியைக் கரண்டியால் அளக்காதே, தராசில் நிறு' என்று அதில் எழுதியிருக்கும். எழுதியது நான்தான். மை மங்கும்போதெல்லாம் எடுத்துத் திரும்ப எழுதியதும் நான்தான்.

என் வீட்டுக்காரர் பஸ் டிரைவர். கல்யாணத்துக்கு முன்னால் நான் தினமும் சுசீந்திரத்தில் அவருடைய பஸ்ஸில் ஏறிக் கொட்டாரத்தில் இறங்குவேன். ஒரு நாள் ஜன்னலோரம் உட்கார்ந்து தூங்கிவிட்டேன். கொட்டாரம் ஸ்டாப்பில் எல்லோரும் இறங்கியாயிற்று, நான் மட்டும் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருக்கிறேன். டிரைவர் சீட்டிலிருந்து திரும்பி அவர்தான் எழுப்பினார்.

"டீச்சர், கொட்டாரம் வந்தாச்சு. இறங்கல்லியா?"

எனக்கு வெட்கம் ஒரு பக்கம், ஆத்திரம் ஒரு பக்கம். "நான் டீச்சர் இல்ல, லேப் அசிஸ்டென்ட்" என்று சொல்லிவிட்டு இறங்கினேன். "ஸ்கூலுக்குப் போற எல்லாரும் எனக்கு டீச்சர்தான்" என்று பின்னால் குரல் கேட்டது. அதற்குப் பிறகு பஸ்ஸின் முன்படி சரியாக என் காலடியில் வந்து நிற்க ஆரம்பித்தது. ஆறு மாதத்தில் அவர் வீட்டிலிருந்து பெண் கேட்டு வந்தார்கள்.

கல்யாணம் முடிந்து கொட்டாரத்திலேயே குடியேறினோம். மறுநாளே டீச்சர் போயிற்று. ஏட்டி வந்தது. ஏட்டி, என் சட்டைய எங்க வச்ச? ஏட்டி, காப்பி போட்டியா? டீச்சர் என்று கூப்பிட்ட மனுஷன் இப்படி ஏட்டி என்கிறாரே என்று முதல் ஒரு வருஷம் சண்டை போட்டேன். "டீச்சர் பஸ்ஸுல வாறவளுக்கு. நீ வீட்டுல இருக்கவல்லா?" என்றார். அதோடு விட்டுவிட்டேன்.

எங்கள் வீட்டில் உப்பு பார்ப்பது அவர் வேலை. ஷிப்ட் முடிந்து வந்து குளித்துவிட்டு, கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு நேராக அடுக்களைக்கு வருவார். நான் கொதிக்கிற குழம்பிலிருந்து கரண்டியில் கொஞ்சம் எடுத்து அவருடைய உள்ளங்கையில் விடுவேன். அதை ஊதி நக்கிவிட்டுத் தீர்ப்பு சொல்வார். "பாகம்." அல்லது, "கொறவு." அபூர்வமாக, "கூடிப்போச்சு, ரெண்டு முருங்கக்கா போடு." சொல்லிவிட்டுக் கையைக் கைலியில் துடைத்துக்கொண்டு போய்விடுவார். நான் போட்ட உப்பு எனக்குத் தெரியாதா என்ன? தெரியும். ஆனாலும் அவர் பார்க்காமல் ஒரு நாளும் அடுப்பை அணைத்ததில்லை. எங்கள் மகள் சின்ன வயதில், "அப்பா உப்பு பாத்தாச்சா, சாப்பிடலாமா?" என்றுதான் கேட்பாள். இப்போது அவள் குடும்பத்தோடு துபாயில் இருக்கிறாள்.

போன வருஷம் மாசி மாதம் அவருக்குத் தலைசுற்றல் வந்தது. பார்த்தால் பிரஷர். டாக்டர் ஒரு மாத்திரை எழுதினார். "இது நீரைப் பிரிய வைக்கிற மாத்திரை. கூடவே உப்பைக் குறைக்கணும். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு டீஸ்பூன், அதுக்கு மேல வேண்டாம். ஒரு மாசம் கழிச்சு ரத்த டெஸ்ட் ஒண்ணு எடுத்துட்டு வாங்க" என்றார். அவர் சொன்னது இவ்வளவுதான். எவ்வளவு எளிமையாக இருக்கிறது, பாருங்கள். இதை எடுத்துக்கொண்டு நான் ஆடிய ஆட்டம் இருக்கிறதே!

ஆளுக்கு ஒரு டீஸ்பூன் என்றால் இரண்டு பேருக்கு இரண்டு. நான் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒன்றாக்கினேன். டாக்டர் பொதுவாகச் சொல்வார், நாம் கொஞ்சம் கண்டிப்பாக இருந்தால் சீக்கிரம் குணமாகும் என்பது என் கணக்கு. கருவாட்டுச் சட்டியைக் கவிழ்த்தேன். உப்பிலிட்ட மாங்காய் பரணில் ஏறியது. அப்பளம் கிடையாது, ஊறுகாய் கிடையாது. காலையில் பதினொரு மணிக்கு உப்புப் போட்டு ஒரு லோட்டா கஞ்சித்தண்ணி குடிப்பது அவருக்கு டிரைவர் வேலையில் வந்த பழக்கம், அதையும் நிறுத்தினேன். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தார்.

"ஏட்டி, என்னத்தையாவது வாயில வைக்கதுக்கு வேண்டாமா? சவம், எல்லாம் பச்சத்தண்ணி மாதிரி இருக்கு."

"உங்களுக்கு உயிர் வேணுமா, ருசி வேணுமா?"

"ரெண்டும் வேணும்."

"ரெண்டும் கெடைக்காது. பேசாமத் தின்னுங்க."

அந்த நாட்களிலும் பழக்க தோஷத்தில் சாயங்காலம் அடுக்களைக்கு வந்து கையை நீட்டுவார். "போங்க அந்தால, இனி பாக்கதுக்கு என்ன இருக்கு?" என்று நான் விரட்டுவேன். அவர் போகும்போது ஒன்றும் படாத அந்தக் கையைக் கைலியில் துடைத்துக்கொண்டு போவார். அதைப் பார்த்து நான் சிரித்திருக்கிறேன்.

இந்த நேரத்தில்தான் அவருடைய தங்கை வந்து சேர்ந்தாள். இருபது வருஷம் குவைத்தில் புருஷனோடு இருந்துவிட்டுக் குளச்சலில் வீடு கட்டிக் குடிவந்தவள். நல்ல பிள்ளை, அண்ணன் மேல் உயிர். கையில் மட்டும் போன் இருக்கக் கூடாது. வரும்போது ஒரு பையில் நெய்மீன், இன்னொரு பையில் ரோஸ் நிறத்தில் ஒரு பாக்கெட் இந்துப்பு.

"மைனி, நீங்க வாங்குத தூளுப்பு வெசமாக்கும். கட்டி புடிக்காம இருக்கதுக்கு அதுல மருந்து கலக்கானுவ. உப்புல உள்ள சத்த எல்லாம் உருவி எடுத்துட்டு வெறும் சக்கையத்தான் விக்கானுவ. நான் அனுப்பின வீடியோவப் பாத்தியளா?"

"எனக்கு வீடியோ பாக்க நேரமில்ல. அயோடின் இல்லாத உப்பத் தின்னா கழுத்துல கழலை வரும், தெரியுமா? முப்பது வருசம் கெமிஸ்ட்ரி லேப்ல இருந்தவகிட்ட வந்து உப்பப் பத்திச் சொல்லுதியா?"

"அயோடின் மீனுல இருக்கு மைனி. நாம திங்காத மீனா?"

யாராவது மடக்கிவிட்டால் எனக்கு வேகம் கூடும். அன்று ராத்திரியே அவள் அனுப்பிய வீடியோக்களைப் பார்க்க ஆரம்பித்தேன், அவளைத் தோற்கடிக்க வேண்டும் என்றுதான் பார்த்தேன். ஒரு வாரத்தில் அவளைவிடப் பெரிய ஆளாக ஆகிவிட்டேன். தூளுப்பு கெட்டது, கல்லுப்பு நல்லது. இந்துப்பு எங்கோ மலையில் வெட்டுவது, அது நமக்கு எதற்கு, நம்முடைய கடல் உப்பு இருக்கும்போது? அதோடு தினமும் நாலு லிட்டர் தண்ணீர் குடித்தால் உடம்பில் உள்ள கழிவெல்லாம் போய்விடும். வீடியோவில் வெள்ளைக் கோட்டு போட்ட ஒருவர் சொன்னார். வெள்ளைக் கோட்டு என்றால் எனக்கு ஒரு மரியாதை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரை ஸ்கூட்டரில் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு எங்கள் ஊர்ப் பக்கம் உள்ள புத்தளத்துக்குப் போனேன். வெயிலில் உப்பளம் கண்ணைக் கூசவைத்தது. பாத்திகளின் ஓரம் உப்பைக் குவித்து ஓலை போட்டு மூடியிருந்தார்கள். அங்கே இருந்தவரிடம், இது உடம்புக்கு நல்ல உப்புதானே என்று கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"கடல் வெள்ளம் வெயில்ல காஞ்சா உப்பு. இதுல நல்லதென்ன, கெட்டதென்ன எக்கா? கல்லாக் கெடந்தா கல்லுப்பு, பொடிச்சா பொடி."

என் வீட்டுக்காரர் கெக்கெக்கே என்று சிரித்தார். எனக்கு இரண்டு பேர் மேலும் எரிச்சலாக வந்தது. உப்பு விற்கிறவருக்கு உப்பைப் பற்றி என்ன தெரியும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். ஐந்து கிலோ வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்து, மண் போக மூன்று தண்ணீரில் அலசி, மொட்டைமாடியில் காயவைத்து, பீங்கான் பரணியில் போட்டு வைத்தேன். தூளுப்பு டப்பாவில் கிடந்த அதே டீஸ்பூனை எடுத்துப் பரணியில் போட்டேன். அதே ஒரு ஸ்பூன், இரண்டு பேருக்கு, ஒரு நாளைக்கு.

தண்ணீருக்கு இரண்டு லிட்டர் பாட்டில் இரண்டு வாங்கினேன். ரூட்டில் ஓடுகிறவர்களுக்கு நினைத்த இடத்தில் வண்டியை நிறுத்தி இறங்க முடியாது என்பதால் அந்த ஒரு லோட்டா கஞ்சித்தண்ணி தவிர வேறு தண்ணீர் குடிக்காமலே முப்பது வருஷம் ஓட்டிய மனுஷன் அவர். ஒன்றை மத்தியானத்துக்குள்ளும் மற்றதை இருட்டுவதற்குள்ளும் தீர்க்க வேண்டும் என்றேன். பாவம், தீர்த்தார்.

பிரஷர் இறங்கியது. அழகாக இறங்கியது. மெடிக்கலில் மெஷின் வைத்துப் பார்த்தபோது அங்கிருந்த பெண்ணே, "கொள்ளாமே, என்ன செஞ்சீங்க?" என்று கேட்டாள். போதாதா எனக்கு? கல்லுப்பு, கல்லுப்பு என்று பூக்காரியிலிருந்து பால்காரர் வரைக்கும் சொன்னேன். நாத்தனார் போனில், "நான் சொல்லல்லியா மைனி?" என்றாள். பிரஷர்தான் இறங்கிவிட்டதே, ரத்த டெஸ்ட் எதற்கு என்று அதையும் விட்டுவிட்டேன்.

அவர் கொஞ்சம் கொஞ்சமாக அமைதியானார். முதலில் சாப்பாட்டைப் பற்றிய முணுமுணுப்பு நின்றது. பிறகு பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டு வாசிக்காமல் உட்கார்ந்திருப்பார். நடக்கும்போது கால் லேசாகப் பின்னியது. குமட்டுகிறது என்றார் ஒரு நாள். வயசு அறுபத்துமூன்று ஆகிறது, வேலையிலிருந்து நின்ற ஆண்களுக்கு இப்படித்தான் ஆகும் என்று நினைத்தேன். கோபக்காரிக்குப் புருஷன் அமைதியாக இருந்தால் அது பெரிய சௌகரியம். அந்தச் சௌகரியத்தில் நான் எதையும் கவனிக்கவில்லை. மறைக்க என்ன இருக்கிறது? கவனிக்கவில்லை.

வைகாசியில் ஒரு நாள் காலை. பத்து மணி இருக்கும். தோசை சாப்பிட்டுவிட்டு வராந்தாவில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நான் துணி காயப்போட்டுவிட்டு ஈரக்கையோடு அந்த வழியாக வந்தேன். திரும்பி என்னைப் பார்த்தார்.

"டீச்சர், கொட்டாரம் வந்தாச்சு. இறங்கல்லியா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இத்தனை வருஷத்துக்குப் பிறகு கொஞ்சலைப் பார் என்று நினைத்தேன். முகம் சூடானது என்றுகூடச் சொல்லலாம். "இறங்கணும்னா இறங்குதேன், நீங்க மொதல்ல வண்டிய ஓரமா நிறுத்துங்க" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "சீக்கிரம் இறங்குங்க டீச்சர். பின்னால வண்டி நிக்கி" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார், தெரியாத ஒரு பெண்ணிடம் பேசுகிற மரியாதை. அப்போதுதான் அவருடைய வலது காலைப் பார்த்தேன். தரையில் அழுத்தி ஊன்றியிருந்தது. பிரேக்கை மிதித்துக்கொண்டிருந்தார்.

என்னென்னவோ கேட்டேன். இது யார் வீடு? தெரியவில்லை. நான் யார்? "டீச்சர்." உங்கள் வீட்டுக்காரி எங்கே? யோசித்தார். "வீட்டுல இருப்பா" என்றார். ஐயோ, பக்கவாதம் என்றுதான் நினைத்தேன். தெருவில் போன ஆட்டோவைக் கத்தி நிறுத்தினேன்.

நாகர்கோவிலுக்குப் போகிற வழியெல்லாம் அவர் வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். "பொற்றையடி" என்றார். பொற்றையடிதான். "வழுக்கம்பாறை" என்றார். சரிதான். சுசீந்திரம் வந்ததும், "இங்கதான் டீச்சர் ஏறுவாங்க" என்று ஆட்டோ டிரைவரிடம் சொன்னார். நான் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன். ஒரு ஸ்டாப்பும் மறக்கவில்லை, என்னை மட்டும் காணோம். நான் வாய்விட்டு அழுதேன். ஆட்டோ டிரைவர் கண்ணாடியில் பார்த்துவிட்டு வேகத்தைக் கூட்டினார்.

ஆஸ்பத்திரியில் தலையை ஸ்கேன் செய்தார்கள். ஒன்றுமில்லை. ரத்த டெஸ்ட் ரிசல்ட் வந்ததும் ஒரு டாக்டர் அம்மா என்னைக் கூப்பிட்டார். சின்ன வயதுதான், நிதானமாகப் பேசினார்.

"சோடியம் ரொம்பக் குறைஞ்சிருக்கும்மா. நூற்றுப் பதினெட்டுதான் இருக்கு. நூற்று முப்பத்தஞ்சுக்கு மேல இருக்கணும். அதுதான் இந்தக் குழப்பம். வீட்டில் என்ன சாப்பாடு, எவ்வளவு உப்பு?"

நான் சொன்னேன். பெருமையாகச் சொல்லிப் பழகிய அதே வரிசையில் எல்லாவற்றையும் சொன்னேன். கல்லுப்பு, அலசினது, ஒரு ஸ்பூன், நாலு லிட்டர் தண்ணீர்.

"இது கல்லுப்பு, தூளுப்பு பிரச்சனை இல்லம்மா" என்றார் டாக்டர். "ரெண்டும் சோடியம் குளோரைடுதான். தூளுப்பில் அயோடின் சேர்த்திருப்பாங்க, அது நல்லதுதான். மாத்திரை உப்பை வெளியே தள்ளும். நீங்க உள்ளே போறதையும் நிறுத்திட்டீங்க. மிச்சம் இருந்ததுல நாலு லிட்டர் தண்ணியை ஊத்திட்டீங்க. மூணும் சேர்ந்து இப்படி ஆயிருக்கு. உங்களுக்கு மாத்திரை இல்ல, அதனால உங்களுக்கு ஒண்ணும் ஆகல."

"இப்பவே உப்புக் கரைச்சுக் குடுத்தா சரியாயிருமா டாக்டர்?"

"கூடாது. வேகமா ஏத்தினா மூளைக்கு ஆபத்து. மெதுவாத்தான் ஏத்தணும். ரெண்டு மூணு நாள் ஆகட்டும். பெரும்பாலும் பழையபடி வந்துருவாங்க. சில பேருக்கு நாளாகும்."

வந்துருவாங்க என்பதைவிடச் சில பேருக்கு என்பதுதான் என் காதில் நின்றது. அந்தச் சில பேரில் இவரும் ஒருவர் என்றால்? மிச்சக் காலம் முழுவதும் நான் இவருடைய பஸ்ஸில் ஏறி இறங்குகிற டீச்சர்தானா?

நாத்தனார் குளச்சலிலிருந்து அடித்துப் பிடித்து ஓடிவந்தாள். ஐசியூ வாசலில் வைத்து இரண்டு பேரும் சண்டை போட்டோம்.

"உன் வீடியோவால வந்த வினை இது!"

"நான் உப்ப மாத்தச் சொன்னேன் மைனி, நிறுத்தவா சொன்னேன்? எங்க அண்ணனப் பச்சத்தண்ணி குடுத்துக் கொன்னுட்டியளே!"

நர்ஸ் வந்து இரண்டு பேரையும் அதட்டினாள். பிறகு ஒரே பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து அழுதோம். அவள் கொண்டுவந்த காப்பியை ஒரே டம்ளரில் மாற்றி மாற்றிக் குடித்தோம். வேறு என்ன செய்ய?

மறுநாள் காலையில் அவளைக் காவல் வைத்துவிட்டு, மாற்றுத்துணி எடுக்க நான் வீட்டுக்கு வந்தேன். அடுக்களையில் பரணி என்னைப் பார்த்துக்கொண்டு நின்றது. சட்டென்று என்னவோ தோன்றியது. பரணியையும் பழைய தூளுப்பு டப்பாவையும் ஸ்பூனையும் எடுத்துக்கொண்டு எதிரில் உள்ள பலசரக்குக் கடைக்குப் போனேன். எலக்ட்ரானிக் தராசில் ஒரு காகிதத்தை வைத்து, தலைதட்டிப் பத்து ஸ்பூன் தூளுப்பு போட்டேன். அறுபது கிராம். இன்னொரு காகிதத்தில் தலைதட்டிப் பத்து ஸ்பூன் கல்லுப்பு. நாற்பதுதான் காட்டியது. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் காற்று. ஏற்கெனவே பாதியாகக் குறைத்திருந்ததில் மூன்றில் ஒரு பங்கு இப்படியும் போயிருக்கிறது.

"என்ன எக்கா, உப்புக்கு எடை பாக்கியோ?" என்று கடைக்காரர் கேட்டார். பொடியைக் கரண்டியால் அளக்காதே. எத்தனை பிள்ளைகளை இதற்காகத் திட்டியிருப்பேன்! ஒருத்தி அழுதுகூட இருக்கிறாள். என்னைத் திட்ட அங்கே யாரும் இல்லை. கடை வாசலிலேயே இரண்டு கையாலும் என் தலையில் அடித்துக்கொண்டேன். கடைக்காரர் பயந்துபோய் ஸ்டூலை எடுத்துப் போட்டார்.

அன்று மத்தியானம் அவரை ஐசியூவிலிருந்து வார்டுக்கு மாற்றினார்கள். நர்ஸ் அவரிடம் பெயர் கேட்டாள், சொன்னார். ஊர் கேட்டாள், சொன்னார். என்னைக் காட்டி, "இது யாரு?" என்று கேட்டாள்.

"டீச்சர்" என்றார்.

"எந்த டீச்சர் தாத்தா?"

"சுசீந்திரத்துல ஏறுவாங்க."

தங்கையை அவருக்குத் தெரிந்தது. அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார், ஊசி போட்ட இடம் வலிக்கிறது என்று அவளிடம்தான் சொன்னார். அவள் என் முகத்தைப் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டாள். எனக்கு அவள் மேல் பொறாமையாக இருந்தது. அந்த வயதில், அந்த இடத்தில், நாத்தனார் மேல் பொறாமை! இருந்ததைச் சொல்கிறேன்.

மூன்றாம் நாள் காலையில் எடுத்த ரத்தத்தில் அளவு நன்றாக ஏறியிருந்தது. டாக்டர் அந்த மாத்திரையை நிறுத்திவிட்டு வேறு எழுதினார். தண்ணீர் ஒரு நாளைக்கு ஒரு லிட்டர்தான் என்றார். மத்தியானம் உப்புப் போட்ட கஞ்சி கொடுக்கலாம் என்றார். நாத்தனார், ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் தெரிந்தவர்கள் வீட்டில் அடுப்பு கேட்டுச் சம்பா அரிசிக் கஞ்சி வைத்துத் தூக்குச்சட்டியில் கொண்டுவந்தாள். உப்பு மட்டும் போடவில்லை. ஒரு பொட்டலமாகத் தனியே கட்டிக் கொண்டுவந்திருந்தாள்.

"எனக்குப் பயமா இருக்கு மைனி. நீங்களே போடுங்க."

எனக்கு மட்டும் பயம் இல்லையா? பொட்டலத்தைப் பிரித்தேன். தூளுப்பா கல்லுப்பா என்றுகூடப் பார்க்கவில்லை. விரலால் கொஞ்சம் எடுத்தேன், பாதியைத் திரும்பப் பொட்டலத்திலேயே போட்டேன். மிச்சத்தைப் போட்டுக் கலக்கினேன். இது போதுமா, கூடிவிட்டதா என்று எனக்குத் தெரியவில்லை. முப்பது வருஷமாக நான் போட்ட உப்பு எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தவள், ஒரு சட்டிக் கஞ்சியை வைத்துக்கொண்டு விழித்துக்கொண்டு நின்றேன்.

அவர் தலையணையில் சாய்ந்து ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். நான் யோசித்துச் செய்யவில்லை. பக்கத்தில் போய் ஸ்பூனில் கொஞ்சம் கஞ்சியை எடுத்துக்கொண்டு நின்றேன், அவ்வளவுதான். அவர் திரும்பினார். ஸ்பூனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வலது கையில் ஊசி இருந்தது. போர்வைக்குள்ளிருந்து இடது கையை எடுத்து நீட்டினார்.

உள்ளங்கையில் விட்டேன். சூடே இல்லை, ஆனாலும் ஊதினார். நக்கினார். கண்ணை மூடிக்கொண்டு யோசித்தார். நாத்தனார் என் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பது எனக்குத் தெரிந்தது.

"கொறவு" என்றார்.

பிறகு கையைப் போர்வையில் துடைத்துவிட்டு என்னை நன்றாக நிமிர்ந்து பார்த்தார். முகம் சுளித்தது. மூன்று மாதமாக நான் பார்க்காத பழைய சுளிப்பு.

"ஏட்டி, எத்தன நாளைக்குத்தான் இந்தப் பச்சத்தண்ணியையே ஊத்துவ? உப்பு போடுட்டி."

போட்டேன்.